மஞ்சள் நீராடிய மேசை

வைகாசி 26, வெள்ளி

நகைக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. எழுத விஷயம் இல்லாத வீடா இது?

முதலில் பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன். மூத்த மகன் வீட்டுப் பேரன் மகாராஜன் துபாயில் இருக்கிறான். ஏசி அறை, சுழல் நாற்காலி. அவன் தம்பி திருமலை, ஜில்லா ஓட்டப் பந்தயத்தில் டிபன் கேரியர் வாங்கினான், எவர்சில்வர், நல்ல கனம். தங்கை ஆவுடை பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்தது டாக்டர் வீட்டுப் பெண். பாடத்துக்குப் பாடம் டியூஷன் வைத்துப் படித்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது. இனி, நான் கூட இருக்கிற இளைய மகன் சிதம்பரத்தின் ஒரே பெண் வடிவு. இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு. பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம், பதினோராவது மாடியில் வேலை. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் பட்டம் வாங்கிய படத்தை, வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறேன்.

இந்த உலகம்மாள் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் என் கையெழுத்தை வாத்தியார் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவார். அதையும் எழுதிவைக்கிறேன்.

வடிவுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வரன். பையன் பாங்கில். சுத்த சைவம், நாமும் அப்படித்தான் என்றாலும், அவர்கள் வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லையாம். ஆடி பிறப்பதற்குள் பெண் பார்க்க வருகிறோம் என்று பையனின் அம்மா தெய்வானை போனில் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, "எங்க வடிவுக்குச் சீர் குடுக்க ஈட்டி மரத்துல கண்ணாடி மேசை வச்சிருக்கேன், ஒரே மரம்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு வாங்கத்தானே வேண்டும்.

வைகாசி 27, சனி

மார்க்கெட்டுக்குப் பின்னால் ராவுத்தரின் பழைய சாமான் கடை. அங்கே நின்றது மேசை. அந்தக் காலத்துப் பாதிரியார் பங்களாச் சாமானாம். மேலே முட்டை வடிவத்தில் கண்ணாடி, கீழே இழுப்பறைகள், பித்தளைக் குமிழ். முன்பக்கத்தில் மரத்தின் கோடுகள் இரண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி இறகு போல விரிந்திருந்தன.

"ஈட்டிதானே?" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் ஆச்சி" என்றார்.

"ஒரே மரம்தானே?"

"நான் அறுத்துப் பாக்கலயே."

நல்ல மனிதர். எதிர்த்துப் பேசவில்லை.

மேசை வீட்டுக்கு வந்த சாயங்காலமே அடுத்த வீட்டிலிருந்து நாத்தனார் பகவதி வந்தாள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எந்த வீட்டுச் சாமானோ, யாரு யாரு இதுல முழிச்சாங்களோ. அப்படியேவா மதினி வீட்டுக்குள்ள ஏத்துனிய?" என்றாள்.

வைகாசி 28, ஞாயிறு

மேசையைச் சுத்தம் செய்து மொட்டை மாடிக்கு ஏற்றியாயிற்று. விவரம் எழுத வேண்டியதில்லை. மஞ்சள் தூள் டப்பா காலி. மருமகள் செண்பகத்திடம் சொல்ல வேண்டும். வெயில் நல்ல வெயில்.

வைகாசி 29, திங்கள்

மேசைக்கு உடம்பு சரியில்லை. மேல்பலகை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பியிருக்கிறது. ஒரு மூலையில் தோல் உரிந்து காற்றில் ஆடுகிறது. சாரல் பட்டிருக்கும்.

"சாரல் இன்னும் இறங்கவே இல்லையே அத்தை" என்றாள் செண்பகம்.

குற்றாலத்தில் இறங்கியிருக்கும், இங்கே காற்று கொண்டுவந்திருக்கும் என்றேன்.

ஆனி 1, வெள்ளி

வடிவு லீவில் வந்திருக்கிறாள். மெலிந்திருக்கிறாள். கை பூராவும் காய்ப்பு, விரலில் வெட்டுக்காயம். கம்ப்யூட்டரில் அவ்வளவு வேலை வாங்குகிறார்கள்.

வந்ததும் சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்தாள். "இதக் கழத்திரலாமே ஆச்சி" என்றாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

ஆனி 2, சனி

மாடியிலிருந்து ஹாலுக்கு இறக்கிவைத்த மேசையை வடிவு பரிசோதித்தாள். அப்படியொரு பரிசோதனையை எனக்கு எந்த டாக்டரும் செய்ததில்லை. இழுப்பறைகளை உருவிக் கவிழ்த்தாள். முதுகுப்பக்கம் டார்ச் அடித்தாள். தரையில் மல்லாக்கப் படுத்து அடிவயிற்றைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுப்பறையின் விளிம்பில் வைத்தாள்.

"கோடு தட்டுப்படுதா ஆச்சி? கடலைத் தோல் மாதிரி மேல ஒரு சீவல். அதுதான் ஈட்டி. வினீர்னு சொல்லுவோம். உள்ள தேக்கு."

"அப்போ ஒட்டுப் பலகையா?"

"ஒட்டுனதுதான். ஆனா மட்டம் இல்ல. இந்த இறகு மாதிரி கோடு இருக்குல்லா, ஒரே கட்டைய ரெண்டாச் சீவி, புஸ்தகம் மாதிரி விரிச்சு ஒட்டிருக்கான். முழு மரத்துல இது வராது. சீவலும் கனமா இருக்கு, கையால அறுத்தது. இழுப்பறை மூலையப் பாருங்க, பல்லுக்குப் பல்லு கோத்திருக்கான், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. மிஷினு தொடாத வேலை."

ஒரே மரம் என்று அம்பாசமுத்திரம் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

அவள் ஊசியால் வெடிப்பைக் கிளறி, முனையை மோந்து பார்த்தாள். "மஞ்சளு. யாரு ஆச்சி இதக் குளிப்பாட்டுனா?"

"சாரல்" என்றேன்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று பேச்சை மாற்றினேன். மாற்றியிருக்கக் கூடாது.

"போன வருஷமே சொன்னேனே ஆச்சி. கம்பெனிய விட்டுட்டேன். பழைய மரச்சாமான் சரி பண்ணுத பட்டறை வச்சிருக்கேன். அப்பாவும் சொன்னாங்களே."

போன வருஷம் எனக்குக் காது அடைத்திருந்தது. இப்போதும் லேசாக அடைக்கிறது.

ஆனி 3, ஞாயிறு

லீவில் பொழுது போகாமல் வடிவு மேசையைச் சரிசெய்யத் தொடங்கியிருக்கிறாள்.

உள்ளே எங்கெல்லாம் ஒட்டு விட்டிருக்கிறது என்று நகத்தால் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டுமாம்; டொக் என்றால் உள்ளே காலி. இதற்கு இன்ஜினியரிங் எதற்கு? தேங்காய் தட்டி வாங்குகிறவளுக்கு இது தெரியாதா? நான் தட்டினேன், அவள் சாக்பீஸால் வட்டம் போட்டாள். அவள் விட்டுப்போன இடங்களைக்கூட நான் பிடித்தேன்.

கை பழகிவிட்டதால் வீட்டில் மற்றதையும் தட்டிப் பார்த்தேன். அவர் இருந்த காலத்தில் ஆசையாக வாங்கிய ரேடியோப் பெட்டி முழு ஈட்டி என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். டொக் டொக் என்கிறது. பூஜை அறைக் கதவும் டொக். பகவதி வீட்டுக் கட்டிலையும் போய்த் தட்டிவிட்டு வந்தேன். அதுவும் டொக்தான். மனசு கொஞ்சம் ஆறியது.

ஆனி 4, திங்கள்

உரிந்த மூலையில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. பழைய ரேடியோப் பெட்டியின் முதுகில் இருந்து அதே வளைவுக் கோடு உள்ள தோலை, சூடு காட்டி, தோசை திருப்புவது போல எடுத்தாள். "தாத்தா கோச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள்.

அந்த ரேடியோ பாடிய நாளைவிட அவர் அதைத் தலையில் தட்டிய நாள்தான் அதிகம் என்றேன்.

ஆனி 6, புதன்

பசையை மணி மணியாக ஒரு பையில் கொண்டுவந்திருக்கிறாள். பெயர் வச்சிரம். ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சூடுகாட்டுகிறாள். கொதிக்கக் கூடாதாம். புறவாசலில் ஒரு மூலை ஒதுக்கி, பழைய அலுமினியச் சட்டி கொடுத்தேன்.

வாடை வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது.

பகவதி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "மதினி, ஒங்க வீட்ல என்ன வேகுது?"

"முட்டு வலிக்குத் தைலம் காய்ச்சுதோம்."

"எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்களேன். ராத்திரி காலை மடக்க முடியல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்லெண்ணெயில் சூடத்தைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

ஆனி 7, வியாழன்

பகவதிக்கு வலி விட்டுவிட்டதாம். இன்னும் ஒரு கிண்ணம் வேண்டுமாம்.

ஆனி 8, வெள்ளி

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"இந்த வச்சிரம் எதுல செய்யுதாங்க?"

வடிவு தூரிகையைக் கீழே வைத்தாள். "சொன்னாத் திட்டக் கூடாது."

"சொல்லு."

"மாட்டுத் தோலு. எலும்பு. காய்ச்சி, வடிச்சு, காயவச்சு எடுக்கிறது."

புறவாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று தலைமுறையாக முட்டை ஓடு விழாத புறவாசல்.

"வேற பசை கிடையாதா?"

"இருக்கு. அதப் போட்டா நாளைக்கு ஒருத்தன் பிரிக்க முடியாது. ஏற்கெனவே இதுல இருக்கிறதும் வச்சிரம்தான் ஆச்சி. இன்னைக்கு நேத்தா இருக்கு?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேசை வந்த அன்றைக்கே முருகன் படத்தை அதன் மேல்தான் வைத்தேன். விபூதிக் கிண்ணமும் வைத்தேன்.

குளித்தேன். தலைக்கு.

குளித்துக்கொண்டிருக்கும்போது யோசனை வந்தது. கோயில் தவிலில் இருப்பது என்ன? தோல். மிருதங்கம்? அதுவும் தோல். அதை அடித்தால்தான் சாமி சப்பரத்தில் ஏறுகிறார். அவருக்கு ஆகுமென்றால் எனக்கு ஆகும். வெளியே வந்து, சட்டியை அடுப்படியிலிருந்து இன்னும் இரண்டடி தள்ளி வை என்று மட்டும் சொன்னேன்.

ஆனி 12, செவ்வாய்

உப்பிய இடத்தைக் கோட்டோடு கோடாகப் பிளேடால் கீறி, உள்ளே பசையைத் தள்ளி, காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்துகிறாள். பிறகு பலகை, அதன்மேல் அம்மிக் குழவி, அதன்மேல் அரிசி மூட்டை. இன்றைக்கு எடை போதவில்லை என்று என்னையே உட்காரச் சொன்னாள். காபி குடித்து முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரமும் நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு விளிம்பையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் 'அ' எழுதும்போதும் இப்படித்தான் நாக்கை நீட்டுவாள்.

பதினோராவது மாடியில் இவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை.

ஆனி 14, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. இன்று காலையிலேயே வாசலில் கார். பாளையங்கோட்டையில் ஏதோ புதுமனை புகுவிழாவாம், வழியில் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று. தெய்வானை, அவள் வீட்டுக்காரர், பையன். சிதம்பரம் ஆபீஸில். செண்பகம் காபி போட ஓடினாள். வடிவு புறவாசலில் வச்சிரச் சட்டியோடு இருந்தாள். ஹால் மூலையில் நின்ற மேசைக்குக் காலில் கடைசி ஒட்டு பாக்கி.

ஹாலில் உட்காரவைத்தேன். படத்தைக் காட்டினேன். கண்ணாடிக் கட்டடம், பதினோராவது மாடி எல்லாம் சொன்னேன். பையன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். கார்க் கதவுச் சத்தம் கேட்டதுமே பகவதியும் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ஆனிக் காற்று ஒன்று புறவாசலிலிருந்து கிளம்பி, அடுப்படி வழியாக, எங்கேயும் நிற்காமல் நேரே தெய்வானை மூக்குக்கு வந்தது.

அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். "என்ன வாடை இது?"

"அது தைலம்" என்றாள் பகவதி, கேட்காமலே. "மதினி காய்ச்சுதாங்க. என் முட்டு வலியே போயிட்டுன்னாப் பாத்துக்கிடுங்களேன்."

"எங்க அய்யா நாட்டு வைத்தியரு" என்றாள் தெய்வானை. "தைல வாடை எது, எலும்பு வேகுற வாடை எதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் வீட்டுக்காரர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். பையன் முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான். பகவதி தன் முட்டியைப் பார்த்தாள்.

தைலம் என்றே சாதித்தால் உலகம்மாள் வீட்டில் எலும்பு வேகிறது என்று அம்பாசமுத்திரம் வரை போகும். உண்மையைச் சொன்னால் பதினோராவது மாடி போய்விடும். சுவரில் கறுப்புத் தொப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வடிவு என் நாற்காலிக்குப் பின்னால், அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பழைய சட்டை, கொண்டையில் பென்சில், முழங்கை வரை பசை. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "தைலம்னே சொல்லிருங்க ஆச்சி. நான் சட்டியத் தூக்கிட்டுப் பின்னால போயிருதேன்."

என் பேத்தி, என் வீட்டில், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒளிய வேண்டுமாம்.

"நீ எதுக்குட்டி போகணும்? இங்கன வந்து நில்லு" என்றேன். தெய்வானை பக்கம் திரும்பினேன். "எலும்பு வாடைதான். வச்சிரம். மரம் ஒட்டுத பசை. கோயில் தவிலு எதுல செய்யுதாங்களோ அதுலதான் இதுவும். திங்கிறதுக்கு இல்ல. இவ பதினோராவது மாடிய விட்டு வருஷம் ஒண்ணாச்சு. சொந்தமாப் பட்டறை வச்சிருக்கா. பழைய மேசை, அலமாரி எல்லாம் தரையில உக்காந்து சரி பண்ணுதா. பெங்களூர்ல இவ கைக்கு ஆளுக வரிசையில நிக்காங்க."

"அப்படி யாரும் நிக்கல ஆச்சி" என்றாள் வடிவு.

"நிப்பாங்க" என்றேன்.

தெய்வானை எழுந்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். நேரே மேசையிடம் போனாள். "இதுதான் நீங்க சொன்ன ஒரே மரமா?"

"மேல ஒரே மரம். உள்ள ஒரே மரம்."

"ஒட்டுன இடம் எது?"

"கண்டுபிடிங்களேன் பாப்போம்."

தடவினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தடவினாள். ரேடியோத் துண்டின் மேலேயே விரல் போனது, நிற்காமல் தாண்டியது. பகவதிகூட எழுந்து வந்து பார்த்தாள். இடது பக்க அடி மூலையில் தெய்வானை குனிந்தாள். "இங்க என்ன மஞ்சளா இருக்கு?"

"அது மரத்தோட நிறம்" என்றேன்.

வடிவுக்கு இருமல் வந்தது.

"எங்க வீட்ல மாமியா காலத்துப் பீரோ ஒண்ணு இருக்கு" என்றாள் தெய்வானை, யாரிடமோ சொல்வது போல. "இப்படித்தான் தோல் தோலாத் தூக்கிக்கிட்டு நிக்கி." காபியைக் குடிக்காமல் போனார்கள்.

ஆனி 15, வெள்ளி

பகவதி தைலக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தந்துவிட்டாள். மூன்று தடவை கழுவியதாகச் சொன்னாள்.

ஆனி 20, புதன்

தெய்வானை போன் செய்தாள். ஜாதகம் பொருந்தவில்லையாம். எல்லாப் பொருத்தமும் இருக்கிறது என்று சொல்லித்தான் பெண் பார்க்கவே வந்தார்கள். அந்தக் கிரகங்கள் இப்போது எழுந்து நகர்ந்து உட்கார்ந்துவிட்டன போலிருக்கிறது. சரி என்றேன்.

போனை வைக்கவில்லை அவள். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினாள். பிறகு, "ஒங்க பேத்தி ஒரு எட்டு வந்து அந்தப் பீரோவப் பாத்தாத் தேவலை" என்றாள்.

ஜாதகம் பீரோவுக்குப் பொருந்தியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. வடிவு சிரித்தாள். "மாப்பிள்ளை வேண்டாம்னு நானே சொல்லணும்னு இருந்தேன். வந்ததுல இருந்து போனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பீரோவுக்கு வாரேன்னு சொல்லுங்க."

"உடனே வர முடியாது, வரிசை இருக்குன்னு சொல்லுதேன்" என்றேன்.

சொன்னேன். "எவ்வளவு நாள் ஆகும்?" என்று தெய்வானை போனில் கவலையோடு கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் கோபம் போய்விட்டது.

ஆனி 30, சனி

அம்பாசமுத்திரத்துப் பீரோ முடிந்து வடிவு பெங்களூர் கிளம்பினாள். மேசையையும் அவளோடு லாரியில் ஏற்றிவிட்டேன். என் பழைய சேலைகளைச் சுற்றி, கயிறு போட்டு, நானே முடிச்சுப் போட்டேன்.

"கல்யாணம் ஆகாமலே சீரா?" என்றாள் பகவதி.

"அவளுக்குன்னு வாங்குனது. அவ பட்டறை வாசல்ல நிக்கட்டும். வாரவங்க கண்ணுல படட்டும்" என்றேன்.

லாரி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். காற்றில் சாரல் இருந்தது. இந்தத் தடவை நிஜச் சாரல்.

ஆடி 12, வெள்ளி

கறுப்புத் தொப்பிப் படத்தைக் கழற்றி, என் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆணி மட்டும் நிற்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது வெறும் ஆணியைப் பார்க்கிறார்கள். நன்றாக இல்லை.

வடிவுக்குக் கார்டு போட வேண்டும். எழுதப்போவதை இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், அடித்தல் திருத்தல் இல்லாமல் போகட்டும் என்று:

சௌபாக்கியவதி வடிவுக்கு ஆச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பகவதிக்கு மறுபடியும் முட்டு வலி; வெட்கத்தை விட்டுத் தைலம் கேட்டாள், கொடுத்தேன். உன் பட்டறையில் ஒரு புதுப் படம் எடுத்து உடனே அனுப்பு. போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. காகிதத்தில் எடுத்துத் தபாலில் போடு. அந்தப் பழைய சட்டையே இருக்கட்டும், ஆனால் கழுத்தில் ஒரு சங்கிலி போட்டுக்கொள். கையில் தூரிகை இருக்க வேண்டும். நம் மேசைக்குப் பக்கத்தில் நின்று எடு.

இடது பக்க அடி மூலையை மறைத்துக்கொண்டு நில்.